மடத்துத் தலைவர்கள் கூடும் இடம்

நம் ஊரில் இரண்டு பெரிய கோயில்களுக்குச் சனங்கள் வைத்த பெயர் இரண்டுமே துறவற சபைகளின் பெயர்கள். கப்புச்சின் சாமியார்கள் இருந்ததால் கப்ஸ் கோயில். சேசு சபையாரை அக்காலத்தில் சாம் பால் சாமியார்கள் என்று அழைத்ததால் சம்பா கோயில். இன்று நிற்கும் சம்பா கோயில் கட்டடம் 1791-இல் முடிந்தது. அதற்குள் சேசு சபையே ஊரை விட்டு மட்டுமல்ல, உலகத்தை விட்டே போயிருந்தது. 1773-இல் பாப்பானவர் அதைக் கலைத்துவிட்டார். பெயர் மட்டும் நின்றுவிட்டது. கப்ஸ் கோயிலின் இன்றைய கட்டடம் 1855-ஆம் ஆண்டுக்குரியது.

இந்த இரண்டு சபைகளும் பாண்டிச்சேரியில் ஒன்றோடொன்று இணக்கமாக இருந்ததில்லை. கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களின் ஆன்மக் காரியத்தைக் கப்புச்சின்கள் பார்த்தார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் சேசு சபையாரிடம் போனார்கள். பொட்டு, தாலி, சாதி வழக்கம் இவற்றில் எதை அனுமதிக்கலாம், எதைக் கூடாது என்று பெரும் சச்சரவு. ரோமாபுரியிலிருந்து துர்னோன் என்ற பிரதிநிதி 1703-இல் இங்கே வந்து இறங்கினார். 1704-இல் சேசு சபையாரின் பல நடைமுறைகளைத் தடுத்து உத்தரவு போட்டார். விவகாரம் அதோடு தீரவில்லை. 1744-இல் பாப்பானவரின் கடைசித் தீர்ப்பு வரும்வரை நாற்பது வருஷம் கடிதமும் எதிர்க்கடிதமுமாக ரோமுக்கும் பாண்டிக்கும் இடையே கப்பல் ஏறின. ஒரே தெருவில் நடந்து போகும் இரண்டு மடத்துத் தலைவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதிக் காகிதம் மிச்சமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். அப்படி ஒரு மேசை அன்று எங்குமே கிடையாது. அது உண்டாக இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

அந்த மேசையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. குறிப்பாக, பிரான்ஸ் நாட்டில் துறவற சபைகளின் தலைவர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு. சுருக்கமாகக் கொர்ரெஃப் என்பார்கள். நீளமாகச் சொன்னால் பிரான்சின் துறவியர், கன்னியர் பேரவை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் கத்தோலிக்கக் குடும்பங்களிலேயே பலருக்கு இது குழப்பம். திருச்சபையில் இரண்டு நிர்வாக வரிசைகள் உண்டு. ஒன்று ஆயர், பங்குச் சாமியார் என்று இடத்தை வைத்துப் போவது. மற்றொன்று சபைகளின் வரிசை. இடத்தை வைத்து அல்ல, மூன்று வார்த்தைப்பாடுகளையும் ஸ்தாபகர் எழுதி வைத்த விதியையும் வைத்துப் போவது. நம் சர்க்கார் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஆயர் ஜில்லா கலெக்டர் மாதிரி. மடத்துத் தலைவர் என்பவர் அந்த ஜில்லாவில் இருந்தாலும் தலைமையகத்துக்குக் கணக்குச் சொல்லும் தனி இலாகா அதிகாரி மாதிரி. கலெக்டர் வந்தால் எழுந்து நிற்பார், வேலைக்கு அனுமதி கேட்பார். ஆனால் அவரை மாற்றுகிற உத்தரவு கலெக்டரிடமிருந்து வராது. என் சித்தி ஒருவர் மடத்தில் இருந்தார். ‘மா மேர் சொன்னால்தான்’ என்பார் எதற்கெடுத்தாலும். ஆயர் பெயரை அவர் வாயில் நான் கேட்டதே அபூர்வம்.

இந்த இரண்டு வரிசைகளும் உரசிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊருக்குச் சம்பந்தமுள்ள ஒரு உதாரணம் உண்டு. ரோமேன் ரோலான் வீதியில் குளுனி மடத்து எம்ப்ராய்டரி கூடத்தைப் பார்க்காதவர் யார்? குளுனி சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-இல் பாண்டிச்சேரி வந்தவர்கள். அந்தச் சபையை 1807-இல் தொடங்கியவர் ஆன் மரி ழவுயே அம்மையார், பர்கோஞ் பகுதிக் குடியானவர் வீட்டுப் பெண். சபையின் தாய் வீடு ஓத்தேன் மறைமாவட்டத்துக்குள் இருந்தது. அங்கிருந்த ஆயர், ‘சபையின் தலைமை அதிகாரி நான்தான்’ என்றார். அம்மையார் மறுத்தார். ஆப்பிரிக்காவிலும் கயானாவிலும் இந்தியாவிலும் கிளை வைத்திருக்கும் ஒரு சபையை ஒரு மறைமாவட்டத்து ஆயர் எப்படி நடத்த முடியும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குக் கிடைத்த விலை பெரிது. கயானாவில் மானா என்ற ஊரில், விடுதலை பெறவிருந்த கறுப்பு அடிமைகளைப் பொறுப்பேற்று நடத்திக்கொண்டிருந்த அந்த அம்மையாருக்கு, 1840-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு வருஷம் நற்கருணை மறுக்கப்பட்டது. 1838-இல் ஒரே நாளில் 185 பேருக்கு விடுதலைப் பத்திரம் கொடுத்த கை அது. திருப்பந்திக்கு நீட்ட முடியவில்லை. அவருக்காகப் பேச, மற்ற சபைத் தலைவிகள் என்று ஒரு கூட்டமே அன்று கிடையாது. தனியாகவே நின்றார். 1950-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். மறுத்தது யார் என்பதை அந்த நாளில் யாரும் ஞாபகப்படுத்தியிருக்க மாட்டார்கள்.

ஆயர்கள் ஒரு பக்கம் என்றால், பிரெஞ்சு அரசாங்கம் மறு பக்கம். புரட்சிக் காலத்தில், 1790 பிப்ரவரியில், துறவற வார்த்தைப்பாடுகளைச் சட்டம் இனி அங்கீகரிக்காது என்று அறிவித்தார்கள். நெப்போலியன் காலத்தில் சில சபைகள் திரும்பி வந்தன. 1880-இல் சேசு சபையாரை வெளியேற்ற ஆணை. 1901 ஜூலை 1 சட்டம் என்றால் பிரான்சில் இன்று சங்கம் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். பூப்பந்துக் கழகம் முதல் பாண்டிச்சேரிக்காரர்கள் பாரீசில் நடத்தும் பொங்கல் விழாச் சங்கம் வரை அந்தச் சட்டத்தின் கீழ்தான். யார் வேண்டுமானாலும் கூடலாம் என்று சொன்ன அதே சட்டத்தின் மூன்றாம் பகுதி, துறவற சபைகள் மட்டும் பாராளுமன்ற அனுமதி இல்லாமல் இருக்கக் கூடாது என்றது. பிரதமர் கோம்ப் 1902-இல் பதவிக்கு வந்தவர், ஒரு காலத்தில் குருமடத்தில் படித்தவர். வந்த மனுக்களை மொத்தம் மொத்தமாகத் தள்ளுபடி செய்ய வைத்தார். 1903 ஏப்ரல் 29 அன்று கிராந்து ஷர்த்ரேஸ் மடத்துத் துறவிகளைப் பட்டாளம் வந்து வெளியேற்றியது. 1904 ஜூலை 7 சட்டம் சபைகள் பாடம் நடத்துவதையே தடை செய்தது. பல்லாயிரம் பேர் பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின், கனடா என்று போனார்கள்.

பிறகு 1914. போர் மூண்டதும் உள்துறை அமைச்சர் மால்வி, ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை அனுப்பி, சபைகளுக்கு எதிரான நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தார். சட்டத்தை ரத்துச் செய்யவில்லை, நிறுத்தி வைத்தார். இந்த வித்தியாசம் ஆபீசில் இருந்தவர்களுக்கு நன்றாகப் புரியும். நாடு கடந்து போன துறவிகள் திரும்பி வந்து சீருடை போட்டுச் சண்டையில் சேர்ந்தார்கள். பலர் திரும்பவில்லை. 1924-இல் எரியோ பிரதமராகி, பழைய சட்டங்களை மறுபடி அமல்படுத்தப் போவதாகச் சொன்னபோதுதான் முதல் தடவையாக அந்தத் துறவிகள் சபை வேறுபாடு இல்லாமல் கூட்டாக எழுந்தார்கள். முன்னாள் போர்வீரத் துறவிகளின் உரிமைச் சங்கம் ஒன்று பிறந்தது. சேசு சபையைச் சேர்ந்த தோன்கேர், போர்முனையில் சாமியாராக இருந்து காயம்பட்டவர், இனி நாங்கள் போக மாட்டோம் என்று பிரதமருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். எரியோ பின்வாங்கினார்.

என் கணக்கில் இன்றைய கூட்டமைப்பின் விதை இங்கேதான் விழுந்தது. கப்புச்சினும் சேசு சபையும் சாமிநாதர் சபையும் பதுங்குகுழியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவர்கள். யார் மூத்த சபை, யாருக்கு எந்த ஊர் என்ற பழைய தகராறு அதன் பிறகு பேச வெட்கமாக இருந்திருக்கும். 1904 சட்டத்தை 1940-இல் விஷி அரசு நீக்கியது. அனுமதி இல்லாத சபையும் குற்றமல்ல என்று 1942 ஏப்ரலில் இன்னொரு சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் விஷியின் எத்தனையோ சட்டங்களைக் குப்பையில் போட்டும் இதைத் தொடவில்லை.

1950-இல் ரோமில் துறவிகளுக்கான பெரிய மாநாடு ஒன்று கூடியது. அதற்குப் பிறகு நாட்டுக்கு நாடு சபைத் தலைவர்களின் பேரவைகள் கிளம்பின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட துறவியர் பற்றிய ஏடு அவற்றை ஊக்குவித்தது. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 708, 709 என்ற இரண்டு விதிகள் இவற்றுக்காகவே இருக்கின்றன. தலைவர்கள் பயனுள்ள வகையில் ஒன்று சேரலாம் என்கிறது முதல் விதி. பேரவையின் அமைப்பு விதிகளை ரோம் அங்கீகரிக்க வேண்டும் என்கிறது இரண்டாவது. அதாவது ஆயர்களின் கைக்கு வெளியே, ஆனால் ரோமின் கைக்குள். அந்தக் கை சில சமயம் இறுகும். அமெரிக்காவில் 1956-இல் தொடங்கிய கன்னியர் சபைத் தலைவிகளின் அமைப்பை 2012-இல் ரோம் சீர்திருத்தப் போவதாகச் சொல்லி ஒரு பேராயரை மேற்பார்வைக்கு வைத்தது. மூன்று வருஷம் கழித்து, 2015 ஏப்ரலில், அந்த விசாரணையை முடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஆண் துறவிகளுக்குத் தனி அமைப்பு, பெண்களுக்குத் தனி. நம் நாட்டில் சி.ஆர்.ஐ. என்ற ஒரே குடையின் கீழ் குருக்கள், சகோதரர்கள், கன்னியர் என்று பிரிவுகள்.

பிரான்சிலும் நெடுங்காலம் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு பேரவைகள் இருந்தன. 2000-இல் அவை ஒன்றாயின. அதுதான் கொர்ரெஃப். சுமார் 400 சபைகள் அதில் அடக்கம். துறவிகளின் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைகிறது; பெரும்பாலோர் நம் வயதுக்காரர்கள் அல்லது நம்மை விட மூத்தவர்கள். அதனால் கூட்டமைப்பின் அன்றாட வேலை என்ன என்று பார்த்தால், கிழடான கன்னியருக்கு மருத்துவக் காப்பீடு, ஆள் இல்லாத மடக் கட்டடங்களை என்ன செய்வது, ஆவணங்களை எங்கே வைப்பது, வெளிநாட்டிலிருந்து வரும் இளம் கன்னியருக்கு விசா, இப்படி. கேட்க உப்புச் சப்பில்லாமல் இருக்கும். ஆனால் ஐந்து கிழவிகள் மட்டும் மிச்சமிருக்கும் ஒரு சிறு சபைக்கு இது பெரிய துணை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பேரவைக்கு அதிகாரம் கிடையாது. சேசு சபைத் தலைவரைப் பார்த்து ‘இப்படிச் செய்’ என்று அதன் தலைவி உத்தரவு போட முடியாது. ஒவ்வொரு சபையும் தன் ஸ்தாபக விதிக்கும் தன் பொதுத் தலைவருக்கும் மட்டுமே கட்டுப்பட்டது. சுற்றறிக்கை அனுப்பலாம், கூட்டம் போடலாம், கேட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். அதிகாரம் இல்லாத ஆபீஸ் என்றால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்: ஒரு பெயர்ப் பலகை, ஒரு ஆண்டறிக்கை, டீ, பிஸ்கட். அப்படிப்பட்ட ஒரு இடம்தான் பிரெஞ்சுத் திருச்சபை இந்த நூற்றாண்டில் எடுத்த மிகக் கடினமான முடிவில் பாதிப் பங்கு எடுத்தது. அதனால்தான் எழுதத் தோன்றியது.

2016-இல் வெரோனிக் மர்க்ரோன் என்ற கன்னியரைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சாமிநாதர் சபையைச் சேர்ந்தவர், செனகல் நாட்டுத் தக்காரில் 1957-இல் பிறந்தவர், அறநெறி இறையியல் பேராசிரியர், ஆன்ழே கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இறையியல் துறைத் தலைவராக இருந்தவர். துறவு கொள்ளும் முன் நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்த இளம் பிள்ளைகளோடு வேலை செய்தவர். இந்தக் கடைசி விவரம் முக்கியம் என்று நினைக்கிறேன். அடிபட்ட பிள்ளை எப்படிப் பேசும், எப்படிப் பேசாது என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல.

அப்போது லியோன் நகரில் ஒரு சாமியார் சாரணர் படைச் சிறுவர்களைப் பல வருஷங்கள் பாலியல் கொடுமை செய்த விவகாரம் வெடித்திருந்தது. அச்சிறுவர்கள் வளர்ந்து, குடும்பஸ்தர்களாகி, 2015-இல் சங்கம் அமைத்துப் பேசத் தொடங்கினார்கள். நாடு முழுவதும் கொதிப்பு. 2018 நவம்பரில் லூர்து நகரில் கூடிய ஆயர்கள், வெளியாட்களைக் கொண்டு ஒரு சுயேச்சையான விசாரணைக் குழு அமைப்பது என்று முடிவு செய்தார்கள். கொர்ரெஃப் அதில் சம பங்காளி. ஆயர்கள் மட்டும் செய்திருந்தால் மறைமாவட்டச் சாமியார்கள் மட்டுமே விசாரணைக்கு உட்பட்டிருப்பார்கள். பள்ளிக்கூடங்கள், விடுதிகள், அநாதை இல்லங்கள், இளைஞர் முகாம்கள் எல்லாம் பெரும்பாலும் சபைகளின் கையில். அந்தக் கதவுகளைத் திறக்கச் சபைத் தலைவர்களே கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள்.

குழுவின் தலைவராக ழான் மார்க் சோவே. பிரெஞ்சு நிர்வாகத்தின் உச்சியான கோன்செய் தெத்தா மன்றத்தின் துணைத் தலைவராகப் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். (அந்த மன்றத்துக்குத் தலைவர் பிரதமர் என்பது பேருக்கு, துணைத் தலைவர்தான் உண்மையில் எல்லாம்.) அவரையும் சேர்த்து 22 பேர். நீதிபதிகள், மருத்துவர்கள், சரித்திர ஆசிரியர்கள், இறையியலார். பல மதத்தவர், மதமே இல்லாதவர். சாமியாரோ கன்னியரோ ஒருவரும் இல்லை. யாருக்கும் சம்பளம் கிடையாது. செலவை மட்டும் திருச்சபை ஏற்றது.

அவர்கள் வேலை செய்த முறை என் போன்ற பழைய குமாஸ்தாவின் கண்ணுக்கு விருந்து. பொதுமக்களுக்கு ஒரு தொலைபேசி எண் கொடுத்துப் பதினேழு மாதம் காத்திருந்தார்கள். 6,471 தொடர்புகள் வந்தன. மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 28,010 பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்தியது. மூன்றாவது குழு மறைமாவட்டங்களிலும் சபைகளிலும் உள்ள பழைய கோப்புகளைப் பார்த்தது. கோப்பு என்பது என்ன? எழுதியவர் காட்ட நினைத்ததும், அவரை அறியாமல் காட்டிக்கொடுப்பதும் சேர்ந்ததுதான். ‘உடல்நலக் காரணமாக வேறு இடத்துக்கு மாற்றப்படுகிறார்’ என்று ஒரு வரி. ஆறு வருஷத்தில் அப்படி நான்கு வரிகள் ஒரே ஆள் பெயரில் இருந்தால், முப்பது வருஷம் பணியாளர் பதிவேடு பார்த்தவனுக்கு அது நோய் அல்ல என்று தெரிந்துவிடும். மாறுதல் உத்தரவுதான் அங்கே மருந்தாக இருந்திருக்கிறது. நோயாளி மட்டும் இடம் மாறினார். புது ஊரில் புதுப் பிள்ளைகள்.

2021 அக்டோபர் 5 அன்று அறிக்கை வந்தது. இணைப்புகளோடு ஏறக்குறைய 2,500 பக்கம். நான் முழுவதும் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மூல அறிக்கையைப் பிரெஞ்சிலேயே படித்தேன். இணைப்புகளில் சாட்சியங்கள் உள்ள பகுதியைச் சில நாட்கள் மூடி வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். 1950 முதல் 2020 வரை சாமியார்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்ட சிறார் 2,16,000 பேர் என்பது மதிப்பீடு. திருச்சபை நிறுவனங்களில் வேலை செய்த பொதுநிலையினரையும் சேர்த்தால் 3,30,000. குற்றம் செய்தவர்கள் 2,900 முதல் 3,200 வரை. அந்த எழுபது வருஷத்தில் இருந்த மொத்தச் சாமியார்கள், துறவிகள் சுமார் 1,15,000. பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் ஆண் பிள்ளைகள், பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று வயது. பாதிக்கு மேற்பட்ட கொடுமைகள் 1970-க்கு முன் நடந்தவை. எல்லோரும் மாஸ்டர் சாமியார்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றிய காலம்.

அறிக்கையைப் பெற்றுக்கொள்ள மேடையில் இருவர்: ஆயர் பேரவைத் தலைவர் மூலேன் போஃபோர் பேராயரும் மர்க்ரோன் அம்மையாரும். அவர்களுக்கு முன் பேசியவர், லியோனில் சிறுவனாகப் பாதிக்கப்பட்ட பிரான்சுவா தெவோ. இந்தக் குற்றங்கள் எல்லாவற்றுக்கும் நீங்கள் விலை கொடுத்தாக வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அம்மையார் வெட்கம் என்ற சொல்லை எடுத்தார். மன்னிப்பு என்று அவசரப்பட்டுப் பேசவில்லை. அது எனக்குச் சரியாகப் பட்டது. மன்னிப்பைக் கேட்பவர், கேட்கப்படுபவர் தலையில் ஒரு சுமையை ஏற்றுகிறார். கொடுக்காவிட்டால் அவர் கெட்டவர் ஆகிறார்.

அடுத்த மாதமே லூர்தில் ஆயர்கள் கூடி, திருச்சபைக்கு நிறுவன ரீதியான பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். அதே நவம்பரில் சபைத் தலைவர்கள் கூடி, ஈட்டுத்தொகைக்கென்று தங்கள் தரப்பில் ஒரு சுயேச்சைக் குழுவுக்கு ஓட்டுப் போட்டார்கள். தலைவர் அந்துவான் கரப்போன் என்ற முன்னாள் நீதிபதி. அவர் சோவே குழுவிலும் இருந்தவர். ஆயர்கள் தரப்பில் வேறொரு குழு. தொகைக்கு உச்சவரம்பு 60,000 யூரோ. நீதிமன்றத்தில் காலாவதி ஆகிப்போன வழக்குகள்தான் இவற்றில் அநேகம், குற்றவாளியே இறந்திருப்பார். அதனால் போலீசு கேட்கும் அளவு ருசுவை இந்தக் குழு கேட்பதில்லை. நடந்திருக்கக் கூடியதா என்று பார்க்கிறது. பணம் அந்தந்தச் சபையிலிருந்து வர வேண்டும். பேரவை ஒரு பைசாவுக்குக் கூட உத்தரவு போட முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? முடியாதுதான். தலைவர்கள் தாங்களே ஓட்டுப் போட்டுத் தங்களைக் கட்டிக்கொண்டார்கள். சொத்து விற்ற சபைகளும் உண்டு.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிரான்சின் கத்தோலிக்க அறிஞர் கழகத்தைச் சேர்ந்த எட்டு பேர், இந்த எண்ணிக்கை ஊதிப் பெருக்கியது, கருத்துக்கணிப்பு முறை தவறு, திருச்சபையின் அமைப்பையே குறை சொல்வது தகாது என்று எழுதி ரோமுக்கும் அனுப்பினார்கள். பேராயரும் அம்மையாரும் அந்தக் கழகத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சோவே குழுவைப் பாப்பானவர் சந்திப்பதாக இருந்தது தள்ளிப்போனது. எண்ணிக்கையைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். கருத்துக்கணிப்பிலிருந்து பெருக்கிப் பெறும் எண் கூடக் குறைய இருக்கலாம். புள்ளிவிவரம் என்றால் அப்படித்தான். அது பாதியாகவே இருக்கட்டும், ஒரு லட்சத்துக்கு மேல். அந்தக் கழகத்தார் பாதியாக்கிக் காட்டினால் ஆறுதல் அடைவோர் யார்?

இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போவது நியாயமல்ல. பாதிக்கப்பட்டவர்களில் கன்னியரும் இருந்தார்கள். 2019 மார்ச் 5 அன்று ஆர்த்தே தொலைக்காட்சியில், சாமியார்களால் வன்முறைக்கு ஆளான கன்னியர் பற்றிய படம் வந்தபோது, என் சித்தியின் ‘மா மேர் சொன்னால்தான்’ எனக்கு நினைவு வந்தது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு பெண், யாரிடம் போய்ச் சொல்வாள்? தலைவியிடம். தலைவி சாமியாரை நம்பினால்? பெண் சபைத் தலைவிகளும் ஆண் சபைத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்வதில் இருக்கும் நன்மை இங்கேதான் தெரிகிறது. சாப்பாட்டு வேளையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் சபையைப் பற்றிய புகாரை, அவரைப் பார்த்தே சொல்ல வேண்டிவரும்.

இதை எழுதப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர், அவரும் பிரெஞ்சுப் பள்ளியில் என்னோடு படித்தவர், ‘நமக்கு எழுத்தறிவித்தவர்கள் மேல் சேறு வீச வேண்டுமா?’ என்று கேட்டார். நமக்கு எழுத்தறிவித்தது உண்மை. சபைகள் இல்லாவிட்டால் இந்த ஊரில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை எப்போது பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சேற்றை வெளியில் இருந்து யாரும் வீசவில்லை. கிணற்றுக்குச் சொந்தக்காரர்களே கூலி ஆள் வைத்துத் தூர் வாரினார்கள். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனார்.

2025-இல் பிரான்சில் பெத்தாராம் என்ற ஊரின் விடுதிப் பள்ளி பற்றிப் பேச்சாக இருந்தது. அதே பெயருள்ள துறவற சபை நடத்திய பள்ளி. புகார்கள் 200-ஐத் தாண்டின. பாராளுமன்றமே விசாரணைக் குழு அமைத்துப் பிரதமரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அவர் பிள்ளைகள் படித்த பள்ளி அது. குழுவின் அறிக்கை ஜூலையில் வந்தது. கரப்போனின் குழு முன்பும் விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 1960-இல் பத்து வயதில் அடிபட்ட ஒரு பையனுக்கு இப்போது எழுபத்தைந்து. என் வயது. அவன் அடிபட்ட அதே வருஷத்தில் நானும் அதே பாடப் புத்தகத்தில் அதே காலியர்களையும் வெர்சேன்ழேதோரிக்ஸையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

மானாவில் ழவுயே அம்மையார் செய்ததைப் பற்றித் தனியாக எழுதும்படி இரண்டு பேர் முன்பே கேட்டிருக்கிறார்கள். அடுத்த பதிவு அதுவாக இருக்கும்.